விடை கிடைத்தது, பொருள் கிடைத்ததா?

மாணவ நண்பர்களே, கீழேயுள்ள பத்தியை ஒருமுறை படியுங்கள். தமிழ்ப் பத்திதான், அஞ்ச வேண்டாம்.

‘சென்ற மூவிரத்தில் கிமிலன் தன் மிழகையைத் தெப்பிக்கொண்டு நுரும்பூருக்குச் சென்றான். அங்கே இரண்டு பளுகுகள் குவைந்துகொண்டிருந்தன. அவற்றைக் கண்டதும் கிமிலனுக்கு அடங்காத துமிர் உண்டாயிற்று. மிழகை மிகவும் தளுவையாக இருந்ததால் அவன் அதைப் பளுகுகளிடம் காட்டவில்லை.’

இனி வினாக்கள். 1. கிமிலன் எங்கே சென்றான்? 2. அங்கே எத்தனை பளுகுகள் இருந்தன? 3. அவை என்ன செய்துகொண்டிருந்தன? 4. அவற்றைக் கண்டதும் கிமிலனுக்கு என்ன உண்டாயிற்று? 5. அவன் மிழகையைப் பளுகுகளிடம் ஏன் காட்டவில்லை?

ஐந்துக்கும் விடை எழுதிவிட்டீர்கள் அல்லவா? நுரும்பூருக்குச் சென்றான், இரண்டு பளுகுகள், குவைந்துகொண்டிருந்தன, அடங்காத துமிர், மிழகை மிகவும் தளுவையாக இருந்ததால். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்! ஆனால் மிழகை என்பது உண்ணும் பொருளா, உடுக்கும் பொருளா? பளுகு என்பது பறவையா, பாத்திரமா? உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தச் சொற்கள் எல்லாம் இந்தக் கட்டுரைக்காக நான் இட்டுக்கட்டியவை. பொருளே இல்லாத ஒரு பத்தியைப் படித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்.

இப்போது ஆறாவதாக ஒரு வினா: கிமிலன் மிழகையைப் பளுகுகளிடம் காட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இங்கே பேனா நின்றுவிடுகிறது. முதல் ஐந்து வினாக்களுக்கும் இந்த ஆறாவது வினாவுக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள். பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்தில் ‘காம்ப்ரிஹென்ஷன்’ என்ற பெயரில் நாம் செய்துவரும் பயிற்சி, பெரும்பாலும் முதல் ஐந்து வினாக்களின் இனத்தைச் சேர்ந்தது. அதனால் விடை கிடைக்கிறது. பொருள் கிடைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கனவு கண்ட காவல்காரன்

திண்டுக்கல்லில் என் தமக்கை மகன் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். விடுமுறையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் ஒரு கைடைப் பிரித்துவைத்து ஆங்கிலப் பத்திக்கு விடை எழுதிக்கொண்டிருந்தான். நீங்களும் எங்கேனும் படித்திருக்கக்கூடிய பழைய கதைதான். ஒரு முதலாளி மறுநாள் ரயிலில் வெளியூர் செல்ல இருக்கிறார். அவருடைய இரவுக் காவல்காரன் விடியற்காலையில் ஓடிவந்து, ‘ஐயா, அந்த ரயில் கவிழ்வதாக நேற்றிரவு கனவு கண்டேன், போகாதீர்கள்’ என்கிறான். அவரும் பயணத்தை நிறுத்திவிடுகிறார். ரயில் உண்மையிலேயே கவிழ்ந்துவிடுகிறது. முதலாளி காவல்காரனுக்கு நல்ல பரிசு கொடுக்கிறார். கொடுத்த கையோடு அவனை வேலையிலிருந்தும் நீக்கிவிடுகிறார்.

வினாக்கள் ஐந்து. கனவு கண்டவர் யார்? என்ன கனவு? முதலாளி என்ன கொடுத்தார்? இப்படியே போயின. பையன் ஐந்தையும் பிழையில்லாமல் எழுதியிருந்தான். எழுத்தும் முத்துமுத்தாக இருந்தது. நான், “சரிடா, முதலாளி அவனை ஏன் வேலையை விட்டு நிறுத்தினார்?” என்று கேட்டேன். அவன் விரலை வரிவரியாக ஓட்டிப் பார்த்தான். “அது பேசேஜில் இல்லை மாமா. அந்தக் கேள்வியும் கேட்கவில்லை” என்றான்.

நான் புத்தகத்தை மூடிவைத்து அதே கதையைத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. நான் முடிப்பதற்குள் அவன் சிரித்துவிட்டான். “ராத்திரி காவல்காரன்தானே மாமா? தூங்காமல் எப்படிக் கனவு வரும்!”

கவனியுங்கள், அந்தப் பையனுக்கு அறிவுக்குறைவு இல்லை. சொல்லாத ஒன்றைச் சொன்னவற்றிலிருந்து ஊகித்தறியும் ஆற்றல் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலப் பத்தி என்று வந்தால் மட்டும் அந்த ஆற்றலை வெளியே வைத்துவிட்டு உள்ளே நுழையப் பழகியிருக்கிறான். அவனுக்கு அப்படித்தான் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வினா ‘ஒய்’ என்று தொடங்கினால் பத்தியில் ‘பிகாஸ்’ என்ற சொல்லைத் தேடு. ‘வென்’ என்றால் எண்ணைத் தேடு. ‘ஹூ’ என்றால் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடு. கிடைத்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுது. இந்தச் சூத்திரங்களை டியூஷன் படித்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். இது தேடும் பயிற்சி. இதைப் படிக்கும் பயிற்சி என்று சொல்வதற்கில்லை.

படித்தல் என்பது என்ன?

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று, புதியதும் அன்று. 1917-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக் இதனை ஆராய்ந்தார். ஓர் ஊரின் பள்ளி வருகை விதியைக் கூறும் சிறு பத்தியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து வினாக்கள் கேட்டார். இன்ன வயதுள்ள பிள்ளைகள் பள்ளிக்கு வரவேண்டும். உடல்நலக்குறைவு, வீட்டில் தொற்றுநோய், போகமுடியாத பாதை ஆகியவை இருந்தால் வரவேண்டியதில்லை என்பது அதன் சாரம். பிள்ளைகள் பலர் பத்தியில் தங்கள் கண்ணில் பட்ட ஏதோ ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடை எழுதினார்கள். பத்தி எதைப்பற்றியது என்ற வினாவுக்கு ஊரின் பெயரையே விடையாக எழுதியவர்களும் உண்டு. ஒரு பத்தியைப் படித்தறிவது கணக்கு ஒன்றைப் போடுவதைப் போன்றது என்ற முடிவுக்குத் தார்ண்டைக் வந்தார். எந்தச் செய்திக்கு எவ்வளவு எடை, எது எதனோடு சேரும் என்று மனம் தீர்மானித்துக்கொண்டே போகவேண்டும் என்பது அவர் கருத்து.

பிற்கால ஆய்வாளர்கள் இதனை இன்னும் தெளிவாக்கினார்கள். வால்டர் கிண்ட்ஷ், டியூன் வான் டைக் ஆகிய இருவரும் 1983-இல் வெளியிட்ட நூலில் கூறுவதை எளிமையாகச் சொன்னால் இவ்வாறு வரும். ஒரு பத்தியைப் படிக்கும்போது நம் மனத்தில் வெவ்வேறு படிகள் உருவாகின்றன. முதற்படியில் இருப்பவை எழுத்தும் சொல்லும். அடுத்த படியில் இருப்பது வாக்கியங்கள் கூறும் செய்தி. அதற்கும் மேலே, அந்தச் செய்தி குறிக்கும் நிலைமையின் படம் ஒன்று மனத்தில் எழுகிறது. காவல்காரனும், இருட்டும், அவன் விழித்திருக்கவேண்டிய வாயிலும், அங்கே அவன் உறங்கிவிட்ட காட்சியும் அந்த மேற்படியில்தான் உள்ளன. பத்தியில் ‘உறங்கினான்’ என்ற சொல்லே இல்லை. படத்தில் அவன் உறங்குகிறான். அந்தப் படம் எழுந்தால்தான் பொருள் புரிந்தது என்று பெயர். கிமிலன் கதையில் நாம் கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டு ஐந்து மதிப்பெண்ணையும் பறித்துவிட்டோம்.

பூட்டுப் பட்டறையில் கிடைக்கும் ஆங்கிலம்

மனத்தில் படம் எழுவதற்கு வேண்டிய பொருள்கள் இரண்டு. ஒன்று, சொற்கள். மற்றொன்று, அந்தப் பத்தி பேசும் உலகத்தைப்பற்றிய முன்னறிவு.

சொற்களை முதலில் எடுத்துக்கொள்வோம். ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையில் தெரிந்த சொற்களின் அளவைக் கூட்டியும் குறைத்தும் சோதித்தார்கள். நூற்றுக்கு 80 சொற்கள் தெரிந்திருந்தபோது ஒருவர்கூட அதனைப் போதிய அளவில் புரிந்துகொள்ளவில்லை. யாருடைய துணையுமின்றி, பெரும்பாலோர் வசதியாகப் படித்துணர வேண்டுமானால் நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்கவேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டனர். அதாவது 100 சொல்லுக்கு இரண்டு புதிய சொல் இருக்கலாம். உங்கள் கைடில் உள்ள ஒரு பத்தியை எடுத்து, தெரியாத சொற்களின் கீழே பென்சிலால் கோடிட்டு எண்ணிப் பாருங்கள். 100 சொல்லுக்குப் பத்துப் பதினைந்து கோடுகள் விழுந்தால், அந்தப் பத்தி உங்களுக்குக் கிமிலன் கதையைப் போன்றதுதான். அதில் விடை எடுக்கலாம். ஆங்கிலம் கற்க முடியாது.

முன்னறிவின் வலிமை இதைவிட வியப்பானது. 1988-இல் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப்பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் வல்லவர், குறைந்தவர் என்றும், ஆட்டத்தை நன்கு அறிந்தவர், அறியாதவர் என்றும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்திருந்தார்கள். வாசிப்பில் குறைந்தவர்களாகக் கருதப்பட்டாலும் ஆட்டத்தை அறிந்திருந்த பிள்ளைகள், வாசிப்பில் வல்லவர்களாயினும் ஆட்டத்தை அறியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தனர்.

இதனைத் திண்டுக்கல்லுக்குப் பொருத்திப் பாருங்கள். இவ்வூர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பூட்டுப் பட்டறையுள்ள வீட்டில் வளரும் ஒரு மாணவிக்கு லீவர், ஸ்பிரிங், ரிவிட் என்ற சொற்களை யாரும் அகராதியிலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. அவை பட்டறையின் தமிழிலேயே கலந்துள்ளன. சாவி திரும்பும்போது உள்ளேயுள்ள லீவர் ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்குகிறது. எல்லாம் சரியான உயரத்தில் நின்றால்தான் தாழ் நகரும். ஒன்று பிசகினாலும் பூட்டு திறக்காது. இதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். பூட்டைப்பற்றிய ஓர் ஆங்கிலப் பத்தியை அவளிடம் கொடுத்தால், தெரியாத சொல் ஒன்றிரண்டு வந்தாலும் இடம் பார்த்து ஊகித்துவிடுவாள். நிலக்கோட்டைப் பூச்சந்தை, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, சின்னாளபட்டிச் சேலை, சிறுமலை வாழை என்று எதை எடுத்தாலும் இப்படியே. நம் பிள்ளைகளிடம் முன்னறிவு நிறைய இருக்கிறது. அந்த முன்னறிவு பயன்படாத பத்திகளையே தேடித்தேடி அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ‘இவர்களுக்குப் புரிதல் இல்லை’ என்று சொல்லிவருகிறோம்.

நம் நாட்டில் நடந்த முயற்சிகள்

இதைச் சிந்தித்தவர்கள் நம் நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வங்காளத்தில், டாக்காவில் கல்விப் பணி புரிந்தவர். தாய்மொழியில் படிக்கும் இந்திய மாணவனுக்கு ஆங்கிலத்தில் முதன்மையாக வேண்டியது வாசிக்கும் ஆற்றலே என்று 1926-இல் வெளியான தம் அறிக்கையில் அவர் வாதாடினார். புதிய சொற்களை நெருக்கமாகக் கொட்டாமல், தெரிந்த சொற்களுக்கு நடுவே இடைவெளிவிட்டுத் தூவிய வாசகப் புத்தகங்களையும் அவரே உருவாக்கினார்.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனையை நடத்தினார். மாணவர்களிடம் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றைப் படித்துச் சிந்தித்தால் மட்டுமே விடை காணக்கூடிய சிக்கல்களை அவர் வைத்தார். அதன் விளைவு எவ்வளவு என்பதில் கல்வியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வினாக்களின் இயல்பைப் பாருங்கள். பழனியிலிருந்து திருச்சிக்குச் செல்பவர் திண்டுக்கல் சந்திப்பில் வண்டி மாறவேண்டியிருந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும்? இதற்கு விடை அட்டவணையில் எந்த இடத்திலும் எழுதப்பட்டிருக்காது. இரண்டு இடங்களைப் படித்து, கழித்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். இங்கே நகலெடுக்க வழியில்லை.

பசிபிக் தீவு நாடான பிஜியில் நடந்த மற்றொரு சோதனையும் நாம் அறியவேண்டியது. அங்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியே. புத்தகப் பஞ்சமுள்ள எட்டுக் கிராமப் பள்ளிகளில் வகுப்புக்கு 250 படக்கதைப் புத்தகங்களை வைத்தார்கள். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பிலும் கேட்டறிதலிலும் வழக்கத்தைப்போல் இருமடங்கு முன்னேற்றம் காணப்பட்டது என்று எல்லி, மங்குபாய் ஆகிய ஆய்வாளர்கள் 1983-இல் எழுதினார்கள்.

வினா எழுதுவோருக்கு

நகலெடுக்கும் வினாக்களுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். ஆங்கிலத்தில் மிகவும் தடுமாறும் பிள்ளைக்கு, பத்தியிலிருந்து எடுத்தெழுதும் ஐந்தாறு மதிப்பெண் ஒரு கைப்பிடி. தவிர, கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு ஒரே விடையுள்ள வினாதான் எளிது. இவை உண்மையே. எனவே அத்தகைய வினாக்களை அடியோடு ஒழிக்கவேண்டும் என்று நான் கூறவில்லை.

ஆனால் தேர்வறையில் ஒரு கைப்பிடியாக இருக்கவேண்டியதை ஆண்டு முழுவதும் பாடமாக்கிவிட்டால் விளைவு என்ன? தமிழ்வழியில் படித்த மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பொறியியலோ மருத்துவமோ அறிவியலோ படிக்கப் போகிறார். அங்கே முதல் நாளே இயற்பியல் புத்தகம் ஆங்கிலத்தில் வந்து நிற்கிறது. அந்தப் புத்தகத்தில் பத்தியின் அடியில் ஐந்து வினாக்கள் இல்லை; தேடுவதற்கு ஒரு சொல்லும் கொடுக்கப்படவில்லை. பள்ளியில் கருத்தறிதலில் முழு மதிப்பெண் வாங்கியவர், ‘எனக்கு மூளை போதாது’ என்று எண்ணிக் கலங்குகிறார். குறை அவருடைய மூளையில் இல்லை. நாம் கொடுத்த பயிற்சியில் உள்ளது.

ஆகவே வினா எழுதும் ஆசிரியர்கள் இரண்டு சோதனைகளைச் செய்துபார்க்கலாம். முதலாவது, கிமிலன் சோதனை: பத்தியின் சொற்களுக்குப் பதிலாகப் பொருளற்ற சொற்களை வைத்தாலும் விடை எழுத முடிகிறதா? முடிந்தால் அந்த வினா புரிதலை அளக்கவில்லை. இரண்டாவது, பத்தியை மூடிவிட்டு வினாவை மட்டும் படித்துப் பாருங்கள். பொது அறிவால் மட்டுமே விடை சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்த வினா வாசிப்பையே அளக்கவில்லை. ஐந்தில் இரண்டு வினாக்களாவது இவ்விரண்டு சோதனைகளையும் கடக்கவேண்டும். மேலும் ஒன்று: வகுப்புத் தேர்வுகளிலேனும் அத்தகைய வினாக்களுக்குத் தமிழில் விடையெழுத விடுங்கள். ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கத் தெரியாத காரணத்தால், புரிந்துகொண்ட பிள்ளையும் புரியாத பிள்ளையாக எண்ணப்படுகிறது. எழுதும் திறனை வேறு இடத்தில் சோதிக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

மாணவ நண்பர்களே, வினாத்தாள் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலாவதாக, பத்தியைப் படித்தவுடன் வினாக்களுக்குப் போகாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ தமிழில் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் புரியவில்லை. அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போய்ப் படியுங்கள்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பத்திக்கும் நீங்களே ஒரு வினா எழுதுங்கள். அதன் விடை பத்தியின் எந்த வரியிலும் நேராக இருக்கக்கூடாது. ஆனால் பத்தியைப் படித்தவரால் மட்டும் சொல்ல முடியவேண்டும். காவல்காரனை ஏன் நீக்கினார் என்பதைப் போன்றது. நண்பர்கள் இருவர் வினாக்களை மாற்றிக்கொண்டால் விளையாட்டாகவே இருக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் எளிது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒரே வகுப்பின் அறிவியல் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகிறது. பாடம் அதே, படம் அதே, சோதனையும் அதே. ஆங்கிலவழியில் படிக்கும் தோழரிடம் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்குங்கள். நீங்கள் தமிழில் நன்றாகப் படித்து முடித்த ஒரு பாடத்தை, ஒளியோ அமிலமோ எதுவானாலும், ஆங்கிலத்தில் நாளைக்கு ஒரு பக்கம் படியுங்கள். முன்னறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகையால் படம் எளிதில் எழும். சொற்களும் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும். பூட்டுப் பட்டறைப் பெண்ணுக்குப் பூட்டு எப்படியோ, உங்களுக்கு அந்தப் பாடம் அப்படி.

தமக்கை மகனிடம் அன்று மாலையே இதைச் சொன்னேன். அடுத்த வீட்டிலிருந்து ஆங்கிலவழி அறிவியல் புத்தகத்தை வாங்கி வந்தான். நெம்புகோல் வரும் பக்கத்தைப் பிரித்து இரண்டு வரி படித்தவன் நிமிர்ந்து, “மாமா, இது எனக்குத் தெரிந்ததுதானே!” என்றான். அந்தப் பக்கத்தின் அடியில் வினா எதுவும் இல்லை. ஆயினும் அவன் கடைசி வரிவரை படித்தான்.